ஜிரோகாஸ்டரில் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அம்மா, தம்பி, கடைவீதிப் பெரியவர் மூவருக்கும்,

உங்கள் அல்பேனிய மொழியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே சொல் 'ஃபலெமிந்தெரித்'. அந்த நன்றியையே நான்கு நாளும் சொல்லித் தேய்த்துவிட்டேன். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். தம்பி கைபேசியில் மொழிபெயர்த்து மற்ற இருவருக்கும் படித்துக் காட்டவும்.

கடற்கரை ஊரான சரண்டாவிலிருந்து கூட்டிவந்த வேன் ஓட்டுநருக்கும் நன்றி. பழைய ஊர் மலைச்சரிவில் இருக்கிறது, வேன் கீழே சாலையோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியோடு திருதிருவென்று விழித்தவளை ஒரு டாக்ஸியில் ஏற்றி, வாடகையையும் பேசி முடித்துவிட்டுத்தான் போனார்.

அம்மா, உங்கள் வீட்டில் தங்கிய முதல் நாள் இரவு நீங்கள் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "மிஷ்?" என்று கேட்டேன். இறைச்சிக்கு உங்கள் சொல் அது என்று வழியிலேயே படித்து வைத்திருந்தேன். நீங்கள் முகவாயைத் தூக்கி "ட்ச்" என்றீர்கள். இல்லை என்பதற்கு எங்கள் வீட்டிலும் அதே "ட்ச்"தான்! "முட்டை?" என்று சைகையில் கேட்டேன், தலையை இடவலமாக ஆட்டினீர்கள். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்களாம். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, நாங்களும் அப்படித்தான் ஆமாம் போடுவோம்.

அந்தத் தட்டில் இருந்தது சிஃப்ச்சி. மறுநாள் அடுப்படியில் நிற்க விட்டீர்களே, அதற்குத் தனி நன்றி. வெந்து ஆறிய சோறு, முட்டை, கை நிறையப் புதினா, மிளகு. குழிகள் உள்ள சட்டியில் எண்ணெய் விட்டு, கரண்டி கரண்டியாக ஊற்றி, முள்கரண்டியால் திருப்பிப் போட்டீர்கள். பணியாரச் சட்டியைப் பார்த்துக் கண் கலங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். ஊருக்கு வந்து செய்து பார்த்தேன், முதல் ஈடு முழுக்க உதிர்ந்துவிட்டது. சோறு இன்னும் குழைய வேண்டுமோ? காய்ந்த அத்திப்பழமும் ஆட்டுப்பாலும் சேர்த்துச் செய்த ஓஷாஃப் இனிப்பை நான் முயலப் போவதில்லை. அது உங்கள் கையில்தான் வரும்.

தம்பி, கூரைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீ. ஓடு கிடையாது, தகடு தகடாகக் கல். 1812-இல் கட்டி முடித்த செகாத்தே வீட்டின் மாடியிலிருந்து பார்த்தபோது, மழையில் நனைந்து ஊரே சாம்பல் நிறத்தில் மினுங்கியது. 1957-இல் உங்கள் நாட்டில் தரையிறங்கி, இப்போது கோட்டையில் இருக்கும் அமெரிக்க விமானம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் என்வர் ஹோஜா பிறந்த வீடு இருந்த இடத்தையும், இஸ்மாயில் கதாரேயின் வீட்டையும் ஒரே நடையில் காட்டினாயே, அது மறக்காது. நாற்பது வருடம் நாட்டையே பூட்டி வைத்தவரும், அந்தக் காலத்தை நாவல்களாக எழுதியவரும் ஒரே ஊர்க்காரர்கள். யுனெஸ்கோ உங்கள் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 2005-இல்தான் கதாரேவுக்கு மேன் புக்கர் சர்வதேசப் பரிசும் கிடைத்தது என்று நீ சொன்னபோது, ஏதோ உன் வீட்டுக்கே வந்த பரிசு போல உன் முகம் இருந்தது.

பெரியவரே, உங்கள் கடைவாசலில் வழுக்கி விழுந்தது என் தப்புதான். மழை நாளில் அந்தக் கல் பாவிய இறக்கத்தில், தேய்ந்த செருப்போடு யாராவது வேகமாக நடப்பார்களா? கம்பளி விற்பதை விட்டுவிட்டு, என் கணுக்காலில் ராக்கி என்ற உங்கள் ஊர்ச் சாராயத்தைத் தேய்த்தீர்கள். குடிக்கவும் ஒரு சின்னக் கிளாஸ் நீட்டினீர்கள். நான் மறுக்கவும், சிரித்துக்கொண்டே மலைத் தேநீர் போட்டீர்கள். வீக்கம் வடியும்வரை, சுமார் ஒன்றரை மணி நேரம், பேச மொழியில்லாமலே பேசிக்கொண்டிருந்தோம். எழுந்தபோது உங்கள் கைத்தடியைக் கொடுத்து அனுப்பினீர்கள், காசு வாங்கவில்லை.

அந்தத் தடியைத் திருப்பிக் கொடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன். அம்மா, அது உங்கள் மாடி அறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தபடி இருக்கும். தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மழைக்காலம் வருகிறது.