ப்ரூட் ஒயினைக் கேக்கோடு கொடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில், 'ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு இனிப்புக் கேக்தான் ஜோடி. நம்ம ஊர் எண்ணெய்ப் பலகாரம் ஒத்து வராது' என்று எழுதியிருந்தீர்கள். ஏற்காட்டில் தங்க வருபவர்களுக்குச் சமைத்துப் போடுகிற எனக்கு அது மிகவும் மனவருத்தமாகிவிட்டது.

அந்த நுரைக்கிற ஒயின் பாட்டிலில் 'ப்ரூட்' (Brut, இனிப்பு குறைந்த வகை) என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைகூட இருக்காது என்பது தாங்கள் அறியாததல்ல. கேக் தின்ற வாயில் அதை ஊற்றினால் புளிப்புதான் மிஞ்சும். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் வீட்டில் தங்கியவர்கள் அப்படித்தான் பிளம் கேக்கோடு திறந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்து, கெட்டுப்போச்சு என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக, மேல்மாவு மொறுமொறுவென்று, சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு. அதே பாட்டில்தான், அதே ஆட்கள்தான். கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். ஒயினின் புளிப்பும் நுரையும் நாக்கிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை வழித்து எடுத்துவிடும். உப்பு அந்தப் புளிப்பை அடக்கும். மேட்டூர் மீன் வறுவல், உப்பு போட்டு வறுத்த முந்திரி எல்லாமே சேரும். சேலத்துத் தட்டுவடை செட்டும் சேரும், காரச் சட்னியை மட்டும் குறைக்க வேண்டும். நுரை, மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். அதனால் மிளகாய் பஜ்ஜி கூடாது.

இதையெல்லாம் எங்களிடம் யார் வந்து கேட்டார்கள்? தங்கள் ஆட்கள் வருவதெல்லாம் ஏரியையும் படகையும் படம் பிடிக்கத்தான். தலைப்பும் ஒவ்வொரு கோடைக்கும் 'ஏழைகளின் ஊட்டி'தான். காப்பியும் மிளகும் விளைகிற மலை, வாய்க்கு ருசியாகச் சமைக்கத் தெரிந்த ஜனங்கள் என்று ஒரு வரி வந்ததில்லை. முன்பு ஒருமுறை இதே ஒயினில் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கச் சொன்னீர்கள். ஐஸ் போட்டால் நுரை அடங்கி, ருசியும் நீர்த்துப் போகும். பாட்டிலைத்தான் ஐஸ் தண்ணீரில் வைத்து 6 முதல் 10 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போதே எழுதிப் போட்டேன். பிரசுரமும் இல்லை, பதிலும் இல்லை. பல வருஷ வாசகி என்ற உரிமையில்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் சமையல் பக்கத்தின் அடியில் இரண்டு வரி போட்டால் போதும்: ப்ரூட்டைக் கேக்கோடு பரிமாற வேண்டாம். கேக்தான் வேண்டும் என்பவர்கள் 'டெமி செக்' என்று போட்ட இனிப்பு பாட்டிலாகப் பார்த்து வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு.