வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கு,

முறைப்பாட்டாளர் சொல்லும் மொழியிலேயே முறைப்பாட்டை எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது, இலங்கையின் 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109-ஆம் பிரிவு. கடமையில் இருப்பவருக்கு அம்மொழி எழுதத் தெரியாவிட்டால், அம்மொழியில் எழுதித் தரும்படி முறைப்பாட்டாளரிடமே கேட்கவும் அதில் இடமுண்டு. ஆனாலும் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படுவதும், சொன்னவர் தனக்குப் புரியாத பக்கத்தில் கையொப்பமிடுவதும் தொடர்கின்றன.

இதன் பாதிப்பு அன்றே தெரிவதில்லை. "மச்சான் அடித்தார்" என்று ஒருவர் சொல்கிறார்; அவர் சொல்வது அக்காவின் கணவரை. சிங்களப் பேச்சில் மச்சான் என்பது நண்பனை அழைக்கும் சொல். 'நண்பன்' என்று எழுதப்பட்டால், வழக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை முரண்பாடாகக் குறிப்பார். உண்மை சொன்னவர் பொய்யராகிவிடுவார். பிழை எழுதியவருடையது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. இந்தப் பொலிஸ் நமக்கானதல்ல என்ற முடிவுடன்தான் வீடு திரும்புவார். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் உண்டாக்கிய காயம், 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் ஆறாமல் இருப்பதற்கு இந்த முறைப்பாட்டு மேசைகளும் காரணம்.

எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் 24 மணிநேரமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று, போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011-இலேயே பரிந்துரைத்தது. ஒரு நிலையத்துக்கு ஒருவர் போதாது. வாரத்துக்கு 168 மணிநேரம். ஒருவர் 48 மணிநேரம் வேலை செய்தாலும் நால்வர் தேவை. விடுமுறை, நீதிமன்றக் கடமை ஆகியவற்றையும் சேர்த்தால் ஐவர். மொழிச் சான்றிதழை மட்டும் பார்த்து ஆளைக் கணக்கிடாதீர்கள்: பரீட்சையில் தேறியவர் பதற்றத்தில் அழுதபடி பேசும் ஒருவரின் பேச்சைப் பின்தொடர்ந்து எழுதுவாரா என்று பாருங்கள். அப்படி எழுதக்கூடியவரை இடமாற்றும்போது, பதிலாள் வந்த பின்னரே விடுவியுங்கள்.

ஆட்கள் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த மொழியில் சொல்ல விரும்புகிறீர்கள் என்பதே முதல் கேள்வியாகட்டும். எழுத ஆளில்லையென்றால் முறைப்பாட்டாளரே, அல்லது அவர் நம்பும் ஒருவர், எழுதித் தருவதை முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒட்டுங்கள். மொழிபெயர்த்து எழுதினால், மொழிபெயர்த்தவரின் பெயரும் வாசித்துக் காட்டிய நேரமும் கையொப்பத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிளிநொச்சியில் முறைப்பாடு செய்யும் சிங்களவருக்கும் இதே நடைமுறைதான்.

இதைச் சுற்றறிக்கையாக அனுப்பி, முறைப்பாட்டு மேசைக்கு மேலே இரு மொழிகளிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மொழியுரிமைப் பணியில் உள்ளோர்