ஹவாய்க்கு ஆள் கூட்டி வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹவாய்க்குத் தமிழ்க் குழுக்களை அழைத்து வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அமெரிக்கா வரும் அம்மா அப்பாக்களை அப்படியே ஒரு வாரம் ஹவாய்க்கும் கூட்டி வருகிறீர்கள். நல்ல காரியம். சைவச் சாப்பாடு, சக்கர நாற்காலி, சர்க்கரை மாத்திரை நேரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹொனலுலுவில் குடியிருக்கும் எனக்கு மனத்தாங்கல் உங்கள் பயணத் திட்டத்தின் மேல்தான்.

உறவுக்காரர் ஒருவர் கையில் வைத்திருந்த தாளில் ஹொனலுலு நாள் இப்படி இருந்தது: பேர்ல் ஹார்பர், அரை நாள். கமேஹமேஹா மன்னர் சிலை, பத்து நிமிடம். இயோலானி அரண்மனை, பேருந்திலிருந்தபடியே. அவுட்லெட் கடைகள், மூன்று மணி நேரம். ராத்திரி விருந்தும் நடனமும்.

கேட்பது ஒன்றுதான். அந்த மூன்று மணி நேரத்தில் பாதியைப் பிடுங்கி அரண்மனைக்குக் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வழிகாட்டிகளுக்கு மைக்கில் பேச விஷயமும் கிடைக்கும்.

பேர்ல் ஹார்பரில் 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் குண்டு வீசியது பற்றி நன்றாகவே சொல்கிறார்கள். அரிசோனா கப்பலில் மட்டும் 1,177 பேர் மாண்டார்கள், அந்த இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. சரி. ஆனால் அமெரிக்கக் கடற்படை அங்கே எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் வழிகாட்டி முழிக்கிறார். பதில் சர்க்கரையில் இருக்கிறது. அப்போது ஹவாய் தனி நாடு. 1875-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. சீனா, ஜப்பான், போர்ச்சுகல், அப்புறம் கொரியா, பிலிப்பைன்ஸ் என்று கூலியாட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒப்பந்தத்தை 1887-இல் புதுப்பித்தபோது அமெரிக்கா கேட்டு வாங்கிக்கொண்ட விலைதான் அந்தத் துறைமுகத்தின் மீதான தனி உரிமை. அதே ஆண்டில் தோட்ட முதலாளிகள் பக்கத்து ஆட்கள் துப்பாக்கி முனையில் கலாகவுவா மன்னரிடம் ஒரு அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மன்னருக்கு அதிகாரம் பறிபோனது, சொத்து வரம்பு காட்டி ஏழை ஹவாயர்களின் ஓட்டும் பறிபோனது.

அந்த மன்னர் கட்டியதுதான் நீங்கள் ஜன்னல் வழியே காட்டும் அரண்மனை. 1882-இல் கட்டி முடித்தார்கள். வெள்ளை மாளிகைக்கு முன்பே இங்கே மின்விளக்கு எரிந்தது. 1881-இல் உலகத்தையே சுற்றி வந்தவர் கலாகவுவா. ஆட்சியில் இருக்கும்போது அப்படிச் சுற்றிய முதல் மன்னர் அவர்தான். “அமெரிக்காவில் ராஜாவா?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அங்கேதான் கதை தொடங்குகிறது.

அவருக்குப் பிறகு 1891-இல் தங்கை லிலியுவோகலானி அரியணை ஏறினார். பறிபோன அதிகாரத்தைத் திரும்பப் பெறப் புதிய அரசியல் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். 1893 ஜனவரி 16 அன்று பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 162 அமெரிக்கச் சிப்பாய்கள் கரை இறங்கினார்கள். மறுநாள், தோட்ட முதலாளிகள் பக்கத்து ஆட்கள் முடியாட்சி முடிந்தது என்ற அறிவிப்பை வாசித்தார்கள். வாசித்த இடம் எது தெரியுமா? அலியோலானி ஹாலே. நீங்கள் பத்து நிமிடம் இறக்கிவிடும் கமேஹமேஹா சிலைக்குப் பின்னால் மணிக்கூண்டோடு நிற்கிறதே, அதே கட்டடம். குழுவில் எல்லார் கைப்பேசியிலும் அது பின்னணியாக விழுகிறது. தெருவைத் தாண்டினால் அரண்மனை. எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்தான் ஒரு நாடே கைமாறியது!

ராணி ரத்தம் சிந்த வேண்டாம் என்று, அமெரிக்க அரசு நியாயம் செய்யும் என நம்பி, எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு விலகினார். குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டும் நடந்தது தவறு என்றே காங்கிரஸுக்கு எழுதினார். எழுதியதோடு சரி. 1895-இல் ராணியின் ஆதரவாளர்கள் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். அது தெரிந்தும் சொல்லவில்லை என்று ராணி மேல் குற்றம் சாட்டி, அவருடைய சொந்த அரியணை மண்டபத்திலேயே ராணுவ விசாரணை நடத்தினார்கள். பிறகு மாடியில் ஓர் அறையில் பல மாதம் அடைத்து வைத்தார்கள்.

அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். அங்கே கண்ணாடிக்குள் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை இருக்கிறது. சிறையிருந்தபோது ராணியும் உடனிருந்த பெண்களும் பட்டுத் துண்டுகளையும் ரிப்பன்களையும் சேர்த்துத் தைக்கத் தொடங்கியது. ஒன்பது பெரிய சதுரங்கள். பெயர்கள், தேதிகள், கொடிகள் என்று நூலால் எழுதியிருக்கிறது. சிறைவைத்த விவரம் நடுவில். நம் அம்மாக்களில் பாதிப் பேர் தையல் தெரிந்தவர்கள், வழிகாட்டி பேசாவிட்டாலும் அவர்களே நின்று படித்துவிடுவார்கள். விடுதி வாசலில் உக்குலேலேயில் வாசிக்கிறார்களே ‘அலோஹா ஓஏ’, அது இந்த ராணி இயற்றிய பாட்டு என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

ஹவாயர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவோடு இணைப்பு வேண்டாம் என்று 1897-இல் தீவு தீவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 21,269 பேர் போட்டார்கள். அன்றைக்கு இருந்த ஹவாயர்கள் மொத்தமே ஏறக்குறைய 40,000 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செனட்டில் இணைப்பு ஒப்பந்தம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு ஸ்பெயினோடு போர் வந்தது, பசிபிக்கில் தளம் தேவைப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுத் தேவைப்படாத வெறும் கூட்டுத் தீர்மானம் போட்டுக் காரியத்தை முடித்தார்கள். மாநிலம் ஆனது 1959-இல். கவிழ்ப்புக்கு மன்னிப்புக் கேட்டு அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட நூறு ஆண்டு ஆனது, 1993. காலையில் பார்த்த துறைமுகமும் மதியம் பார்க்கும் அறையும் ஒரே கதையின் இரண்டு பக்கம். நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறீர்கள்.

அடுத்து கவாய் தீவு. அங்கே நம்மவர்கள் போவது இறைவன் கோயிலுக்கு. கணபதி ஸ்தபதி வரைந்து, பெங்களூருக்குப் பக்கத்தில் கல் செதுக்கி, கப்பலில் கொண்டுவந்து கட்டிய சோழர் பாணிக் கோயில், 2023-இல் குடமுழுக்கு. கோயிலை நடத்தும் ஆதீனத்தை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடர். இதெல்லாம் நீங்களே அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் கோயிலுக்கு ஏறும் குவாமோஓ சாலையிலேயே ஹோலோஹோலோகு என்ற பழைய ஹவாய் வழிபாட்டிடமும், அரச குலப் பெண்கள் பிள்ளை பெற்ற கல்லும் இருக்கின்றன. வைலுவா ஆற்றங்கரை நம் கோயில் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே புண்ணிய பூமி. பேருந்தை நிறுத்தி ஐந்து நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போனால் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார். கல் மேல் ஏறிப் படம் எடுக்க மட்டும் விடாதீர்கள்.

வைமேயா பள்ளத்தாக்கு பார்த்துவிட்டுக் கெக்காஹா ஊர் வழியாக இறங்குகிறீர்கள். அங்கேயும் சொல்ல ஒரு கதை இருக்கிறது, மொழியின் கதை. 1896 சட்டம் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றியது, ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1980-களில் அந்த மொழியைப் பேசி வளரும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. அப்போது 1984-இல், முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் முதல் பாலர் பள்ளியைப் பெற்றோர் சிலர் திறந்தது இந்தக் கெக்காஹாவில்தான். அங்கிருந்து கடலில் தெரியும் நீஹாவு தீவில் அந்த மொழி வீட்டுப் பேச்சாக விடாமல் இருந்து வந்திருக்கிறது.

ராத்திரி நடனம் பற்றி ஒன்று. தீப்பந்தக் கத்தி சமோவாவுடையது, படபடவென்று இடுப்பாட்டும் தாளம் தஹிதியுடையது. பார்க்கட்டும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஹவாய் நடனம் என்று அறிவிக்காதீர்கள். ஹவாயின் சொந்த நடனம் ஹூலா, அதன் பழைய முறை மந்திரம்போல ஓதி, சுரைக்குடுக்கை தட்டி ஆடுவது. 1830-இல் தடை செய்யப்பட்டதை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் அதே கலாகவுவாதான். விருந்தில் சாம்பல் ஊதா நிறத்தில் ஒரு கூழ் வைப்பார்கள், ‘போய்’ என்று பெயர். நம்மவர்கள் முகத்தைச் சுளித்து ஒதுக்குகிறார்கள். அது நம் சேப்பங்கிழங்குதான், சுத்த சைவம், சொன்னால் சாப்பிடுவார்கள். ஹவாயர்களின் கதையில் அந்தக் கிழங்கு மனிதனுக்கு அண்ணன்.

அரண்மனைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், மூடியிருக்கும் நாளில் போய் நிற்காதீர்கள். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு என்ன வசதி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடை நேரம் குறைந்துவிட்டதே என்று யாராவது முணுமுணுத்தால் கவலை வேண்டாம், மக்கடேமியா சாக்லேட் விமான நிலையத்திலும் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஹொனலுலுவாசி ஒருத்தி