பழைய பொம்மை ரயில்களின் விளக்குகளுக்குத் தனி மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொம்மை ரயில்களைக் காட்சிக்கு வைப்போர் பலர், தண்டவாளத்துக்குச் செல்லும் மின்சாரத்திலேயே நிலைய விளக்குகளையும் எரியவிடுவது வருத்தமளிக்கிறது. ரயில் வேகமெடுக்கையில் பளீரென்று ஒளிரும் அவ்விளக்குகள், அது நின்றதும் அணைந்துவிடுகின்றன. விளக்குகளுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் வைப்பதே முறை. 18 வோல்ட் இழை பல்புக்கு 14 வோல்ட் மட்டும் கொடுத்தால், மஞ்சள் ஒளி சற்றுத் தணிந்து இன்னும் அழகாகத் தெரிவதோடு, பல்பின் ஆயுளும் பல மடங்கு கூடும். விளக்கு பொருத்திய தகரப் பொம்மை வீடுகளின் கூரைப் பூச்சும் சூட்டில் பொரியாது. 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் வெள்ளை எல்.இ.டி. பொருத்துவோர், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 470 ஓம் மின்தடையைத் தொடராக இணைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இணைப்பைத் துண்டித்துவிட்டு டிரான்ஸ்பார்மரின் பழைய வயரை வளைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ரப்பர் உறை வெடித்து உதிர்ந்தால், வயரை மாற்றாமல் அதை மீண்டும் செருகவே கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்