கேபிள் எந்தத் தீவுகளுக்கு நடுவே கரையேறும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை என்றதும் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்றுதான் பேச்சு. அந்த மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிளைப் பற்றிக் கேட்பாரில்லை. நமது கரைக்கு உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக நிற்கின்றன. 1986இல் அறிவித்த தேசியப் பூங்கா அது. வெளிக்கடலிலிருந்து வரும் கேபிள் கீழக்கரைப் பக்கமோ ஏர்வாடிப் பக்கமோ கரையேறுவதானால், ஏதோ இரு தீவுகளுக்கு நடுவே நுழைந்துதான் வர வேண்டும். கடலோர ஒழுங்குமுறை அனுமதிக்குத் திட்ட இடத்தைச் சுற்றி 7 கி.மீ. காட்டும் வரைபடம் கேட்கிறார்கள். கரையேறும் இடத்தை மட்டும் மையமாக வைத்து வட்டம் போட்டால், 8, 10 கி.மீ. தள்ளியிருக்கும் தீவுகள் வட்டத்துக்கு வெளியே போய்விடும்! கேபிள் பாதை முழுவதுமே திட்ட இடம் என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூங்காவுக்குள் நுழைய வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதியும் வேண்டும்.

கேபிளை 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் புதைப்பது வழக்கம். இங்கே பல இடங்களில் மணல் ஒரு சாண்கூட இருக்காது, அதன் கீழே ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைதான். தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கிளறும் இயந்திரம் பாரிடம் தோற்றுவிடும். கேபிள் மேலேயே கிடக்கும். இரு பாறை முனைகளுக்கு நடுவே தொங்கும் கேபிளை நீரோட்டம் ஓயாமல் ஆட்டும். முதலில் வெளிச்சுற்று இரும்புக் கம்பி தேயும், பிறகு ஈய உறை விரிசல் விடும், உப்புநீர் புகுந்தால் மின்காப்பு போய்விடும். விசைப்படகு இழுவலையை விரிக்கும் மடிப்பலகை அதில் மாட்டினால் படகுக்கும் ஆபத்து. ஆகவே பாதை நெடுக மணலின் கனத்தை ஒலியலையால் அளந்து, குழாய் இறக்கி மண்ணெடுத்துச் சரிபார்த்த பிறகே பாதையை முடிவுசெய்ய வேண்டும்.

கரையோரம் ஆவுளியா (கடற்பசு) மேயும் கடற்புல். அதைத் தோண்டாமல், கரையிலிருந்தே சாய்வாகத் துளையிட்டுப் புல்லுக்கு அடியில் குழாய் செலுத்தலாம். அதிலும் கவனம் தேவை: துளையில் செலுத்தும் பென்டோனைட் என்னும் களிமண் சேற்றின் அழுத்தம் மிஞ்சினால், பிளவு வழியே கொப்பளித்துப் புல்லையே மூடிவிடும். அழுத்தம் சட்டென்று இறங்கினால் சேறு எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே பம்பை நிறுத்த வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகு இருக்காது, அப்போது கேபிள் போடலாம் என்பது மேசைக் கணக்கு. தடை விசைப்படகுக்குத்தான், வள்ளங்கள் கடலில் இருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் கப்பல் பாதியில் கேபிளை வெட்டி, முனையை மூடிப் போட்டுவிட்டுத் திரும்ப நேரும். அப்புறம் அங்கே ஓர் இணைப்பு கூடும். பழுது தேடிவரும் இடம் அது. கடல் அடங்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச்தான் கப்பல் வேலைக்கு ஏற்றது. ஆனால் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவதும் அப்போதுதான். அதனால் கரையில் துளையிடும் வேலையை மார்கழிக்குள் முடித்து, ஆமையைத் திசைதிருப்பும் விளக்குகளை அகற்றிவிட வேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.

— கடல் அளவைப் பொறியாளர் ஒருவர்,
மண்டபம்