தரையைப் பெயர்த்துச் சுவரில் மாட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிசிலிப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் பியாட்சா ஆர்மெரினா ஊருக்கு அருகில் உள்ள 'வில்லா ரோமானா தெல் கசாலே' என்ற பழைய ரோமானிய மாளிகைக்குப் போனவர், அங்கே தரையில் பிகினி போன்ற உடையில் இருக்கும் 'பிகினிப் பெண்கள்' படத்தோடு நின்றுவிட்டார். போதாததற்கு, இந்தத் தரை மொசைக்குகளைப் பெயர்த்து மியூசியத்தில் வைத்தால் என்ன என்று வேறு கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெண்கள் குளிக்க வந்தவர்கள் அல்ல. ஒருத்தி கையில் எடை, ஒருத்தி வட்டு எறிகிறாள், சிலர் ஓடுகிறார்கள், பந்தாடுகிறார்கள், ஜெயித்தவளுக்குக் கிரீடமும் பனங்குருத்தும். அதே அறையின் மூலையில் இன்னொன்றும் உண்டு: மேல்தரை போன இடத்தில், அடியில் கிடக்கும் பழைய கோலத் தரை எட்டிப் பார்க்கிறது. முதலில் போட்ட தரையின் மேலேயே பெண்களைப் பதித்திருக்கிறார்கள். படத்தை மட்டும் எடுத்துப்போனால் இது யாருக்குத் தெரியும்?

நான்காம் நூற்றாண்டு மாளிகை அது. சுமார் 3,500 சதுர மீட்டர் மொசைக். நம் வீட்டு மொசைக் போலக் கல்சில்லைக் கலந்து ஊற்றித் தேய்த்தது இல்லை. பொடிக் கற்களை ஒவ்வொன்றாகச் சாந்தில் பதித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலச்சரிவு மூடியதால் பிழைத்தது. 1950களில் ஜென்டிலி என்ற தொல்லியலாளர்தான் பெரும்பகுதியைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார்.

கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப்போன 'பெரு வேட்டை' மொசைக்கைப் பாருங்கள். ஏறக்குறைய 60 மீட்டர் நீளத் தாழ்வாரத்தின் தரை அது. யானை, நெருப்புக்கோழி, மான் என்று பிடித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள், எல்லாம் ரோமின் அரங்கங்களில் சாவதற்கு. ஒரு புலி, தன் குட்டிதான் என்று நினைத்துக் கண்ணாடி உருண்டையில் தெரியும் தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குட்டியைத் திருடியவன் அதற்குள் குதிரையோடு கப்பலேறிவிட்டான். தெற்குக் கோடியில் கையில் தந்தத்தோடு ஒரு பெண், பக்கத்தில் யானையும் புலியும். அவள் இந்தியாவின் உருவம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

முற்றத்திலிருந்து பெரிய மண்டபத்துக்குப் போக இந்தத் தாழ்வாரத்தைக் கடந்தாக வேண்டும். எஜமானைப் பார்க்க வந்தவர் அவருடைய செல்வாக்கை மிதித்துக்கொண்டேதான் உள்ளே போயிருப்பார். மியூசியச் சுவரில் மாட்டினால் அது வெறும் வேட்டைப் படம். பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில், அலெக்சாந்தரின் போரைக் காட்டும் மொசைக்குக்கு அதுதான் நடந்தது. 1831இல் கிடைத்த தரையை 1843இல் நேப்பிள்ஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோய், பிற்பாடு சுவரில் நிறுத்திவிட்டார்கள். போர்க்களம் மேல் கால் வைத்து நடப்பது எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்று ஊகிக்கத்தான் முடியும்.

மொசைக்குகளைக் காக்க மேலே போட்ட கூரையைப் பற்றிக் கேட்டிருந்தால் நியாயம். ஜென்டிலிக்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ மினிஸ்ஸி வடிவமைத்த கண்ணாடி, பிளாஸ்டிக் கூரை, வெளிச்சத்துக்கு அழகுதான். உள்ளே வெக்கையும் ஈரமும் சேர்ந்து மொசைக்கைப் பாடாய்ப் படுத்தியது. அதை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவாத புதுக் கூரை போட்டு 2012இல் சீரமைப்பை முடித்தார்கள். இருந்த இடத்திலேயே காப்பாற்றுவது செலவு, தலைவலி, ஓயாத வேலை. அதற்காகப் பெயர்த்துவிடலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த மாளிகையைப் பற்றி மறுபடி எழுதினால், அந்தத் தெற்குக் கோடியின் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி