மூன்றரை மணி நேர வழிக்கு ஐந்து நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஸ்காண்டிநேவியப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஒஸ்லோ மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வழி சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து ஒஸ்லோவுக்கு நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம், வழியில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. போன ஜூனில் அதே தூரத்தை நானும் என் கணவரும் மகளும் ஐந்து நாள் காரில் போனோம்.

மகளுக்கு கோத்தன்பர்க்கில் வேலை. ஈ6 நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் பூஹுஸ்லான் கரை. நான் தூத்துக்குடிக்காரி, கடல் எனக்குப் புதிதல்ல. ஆனால் மணலே இல்லாத கடற்கரையை அங்குதான் பார்த்தேன். தண்ணீர் வரை பாறைதான், இளஞ்சிவப்புக் கருங்கல். பனியுகத்தில் பனிப்பாளம் மேலே நகர்ந்து நகர்ந்து தேய்த்ததில் அம்மிக்கல் போல வழுவழுப்பாக இருக்கிறது. பகல் வெயிலில் சூடேறிய அந்தப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். யாரும் எழுப்பி விடவில்லை. வீட்டை ஒட்டிப் போகாமல், எதையும் கெடுக்காமல் இருந்தால் யாருடைய நிலத்திலும் நடக்கலாம், உட்காரலாம் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை. அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் டியோர்ன் தீவுக்குப் பாலம் ஏறினோம். பழைய பாலத்தில் 1980 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் கப்பல் மோதிப் பாலம் விழுந்துவிட்டது. அது தெரியாமல் இருட்டில் ஓட்டி வந்தவர்கள் எட்டுப் பேர் வண்டியோடு கடலில் போனார்கள். அடுத்த ஆண்டே புதுப் பாலம் கட்டியபோது தூண்களைத் தண்ணீரில் வைக்காமல் இரு கரையிலும் நிறுத்தினார்கள். மகள் இதைச் சொல்லி முடிக்கும்போது நாங்கள் அக்கரையில் இருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் லீசெக்கில் ஊருக்குப் போக குல்மார் ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் கடலைத் தாண்ட வேண்டும். பாலம் கிடையாது, மஞ்சள் நிறப் படகுதான். காரை வரிசையில் நிறுத்தினோம். படகின் முன்பக்கம் பலகை போல இறங்கியதும் ஒவ்வொரு வண்டியாக உள்ளே போனது. என் கணவர் டிக்கெட் எடுக்கப் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். "அப்பா, இதுவும் ரோடுதான், காசு கிடையாது" என்றாள் மகள். உண்மைதான். அங்கே இந்த அரசுப் படகுகளைச் சாலையின் ஒரு துண்டாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் அக்கரை. பர்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற பிறகு அவரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

ஸ்மோகனில் படகுத்துறை நெடுக மரப்பலகை பாவியிருக்கிறது. இறாலைப் படகிலேயே அவித்துக் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்கி, பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு உரித்துத் தின்றோம். சின்ன இறால், குளிர்ந்த கடலில் வளர்வதால் நல்ல இனிப்பு. இரவு பத்து மணிக்கும் வெயில் அடித்தது.

அப்புறம் தானும் (Tanum) என்ற ஊர். இதைக் கட்டுரையில் விட்டதுதான் எனக்குப் பெரிய குறை. வெண்கலக் காலத்து மனிதர்கள் பாறையில் கப்பல் கப்பலாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழமை. 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிவதற்காகச் சிவப்பு பூசியிருக்கிறார்கள். கப்பலில் நிற்கும் ஆட்கள் சின்னச் சின்னக் கோடுகள், எண்ணலாம். சுற்றிப் பார்த்தால் வயல்தான், கடலைக் காணோம். வெட்டிய காலத்தில் கடல் அங்கே பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பனிப்பாளத்தின் பாரம் போன பிறகு நிலம் மெல்ல மெல்ல எழும்பியதில் கடல் விலகிப் போய்விட்டது.

ஒஸ்லோவும் நல்ல ஊர். 2008-இல் திறந்த ஓபரா (இசை நாடக) மாளிகையின் வெள்ளைப் பளிங்குக் கூரை மேல் யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம், நாங்களும் நடந்தோம். அதைக் கட்டுரையிலேயே நன்றாக எழுதிவிட்டார்கள்.

என்னைப் போல் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். மூன்று மாதம் அடுக்கு மாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் ஒரு தலைநகரத்தைப் பார்த்துத் திரும்பி வருகிறோம். தயவுசெய்து இந்தக் கரையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். சுற்றுலா முகாம்களில் ஸ்டுகா என்று சின்ன மர வீடு வாடகைக்குக் கிடைக்கும், பெரும்பாலும் அடுப்பும் இருக்கும். போர்வை விரிப்பு நாம்தான் கொண்டுபோக வேண்டும். குக்கரும் அரிசியும் டிக்கியில் இருந்தால் செலவு பாதியாகும். ஜூலையில் அந்த ஊர்க்காரர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவதால் இடம் கிடைப்பது கஷ்டம், ஜூன் நல்லது. ஆனால் ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாளே பாலும் தயிரும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் போன கடை மத்தியானமே சாத்தியிருந்தது.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகி